பள்ளி மைதானத்தில் முதல் 3 நிமிடங்கள்: அத்லெடிக் ட்ரெய்னருக்கும் இதயநல நிதி திரட்டுவோருக்கும் முழுமையான வழிகாட்டி

இதயநலத்துக்காக நிதி திரட்டும் பள்ளிகளில் ஒரு முரண் கண்ணில் படும். மைதானம் முழுக்கச் சிவப்புச் சட்டை, வாசலில் உண்டியல், மேடையில் பெரிய அட்டைக் காசோலை. அதே பள்ளியின் ஏஇடி, அதாவது நின்ற இதயத்தை மீட்க மின்னதிர்ச்சி (ஷாக்) கொடுக்கும் கருவி, அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடக்கும். சாவி யாரிடம் என்று இரண்டு பேரைக் கேட்டால் மூன்று பதில் வரும். மைதானத்தில் ஒரு மாணவரின் இதயம் திடீரென்று நின்றால் என்ன செய்வது என்பது முதலில், உண்டியல் அப்புறம் என்ற வரிசையில்தான் இந்த வழிகாட்டி போகிறது.

அத்லெடிக் ட்ரெய்னர் வேறு, கோச் வேறு. ஆட்டம் சொல்லிக்கொடுப்பது கோச்சின் வேலை. காயம் வராமல் பார்ப்பது, வந்தால் முதலுதவி செய்வது, குணமானவரை மறுபடி ஆட்டத்துக்குத் தயார்செய்வது ட்ரெய்னரின் வேலை. அமெரிக்காவில் இது மருத்துவம் சார்ந்த தொழில்; அமெரிக்க மருத்துவச் சங்கம் 1990இல் அப்படி அங்கீகரித்தது. ட்ரெய்னர் இல்லாத பள்ளியில் இந்தப் பொறுப்பு உடற்கல்வி ஆசிரியர் தலையில் விழும். கீழே உள்ளவை இருவருக்குமே பொருந்தும்.

நடப்பது என்ன

மாரடைப்பும் கார்டியாக் அரெஸ்ட்டும் ஒன்றல்ல. மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைபடுகிறது. இதயம் பெரும்பாலும் துடித்துக்கொண்டே இருக்கும், ஆளும் பேசுவார். கார்டியாக் அரெஸ்ட்டில் இதயத்தின் மின்னோட்டம் தாறுமாறாகி, கீழறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கும். ரத்தம் வெளியேறாது. சில நொடிகளில் நினைவு போய்விடும். சிபிஆர் (நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓடவைக்கும் முதலுதவி) இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதத்தைத் தின்றுவிடுகிறது. சிபிஆர் நடந்தால் அந்தச் சரிவு மெதுவாகும், ஆனால் நடுக்கத்தை நிறுத்துவது ஷாக் மட்டுமே.

மாணவர்களிடம் இது அரிது. வரும்போது பின்னணியில் இருப்பவை பெரும்பாலும் தெரிந்த காரணங்கள்தாம்: இதயத் தசை தடிக்கும் ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி (சுமார் 500 பேரில் ஒருவருக்கு உண்டு), இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனி தவறான இடத்தில் கிளம்பும் பிறவிக் கோளாறு, வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வரும் இதயத் தசை அழற்சி, நீண்ட கியூடி (துடிப்புக்குப் பின் இதயத்தின் மின்னோட்டம் பழைய நிலைக்குத் திரும்பத் தாமதமாவது) போன்ற மின்னோட்டக் கோளாறுகள். இவை எதுவுமே இல்லாத இதயமும் நிற்கலாம். துடிப்புச் சுழற்சியின் ஒரு நொடிப் பிளவில், அதாவது 20 மில்லிநொடி அளவுள்ள இடைவெளியில், பந்தோ முழங்கையோ நெஞ்சில் பட்டால் போதும். இதற்குக் கம்மோஷியோ கார்டிஸ் என்று பெயர். 2023 ஜனவரி 2 அன்று அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் டமார் ஹாம்லின் என்ற வீரர் விழுந்தது இதனால்தான் என்று மருத்துவர்கள் முடிவுக்கு வந்ததாக அவரே பின்னர் அறிவித்தார். களத்திலேயே அவருக்கு சிபிஆர் கொடுத்தது அணியின் அத்லெடிக் ட்ரெய்னர்.

படி 1: சீசன் தொடங்கும் முன் கேட்க வேண்டியவை

"நெஞ்சுவலி உண்டா? இல்லையா? கையெழுத்துப் போடு" என்று முடியும் படிவத்தால் பயனில்லை. அமெரிக்க இதயச் சங்கத்தின் பட்டியலில் 14 அம்சங்கள் உள்ளன: மாணவரின் வரலாறு, குடும்ப வரலாறு, உடல் பரிசோதனை என மூன்று பகுதி. படிவத்தைப் பெற்றோரை உட்கார வைத்து நிரப்புங்கள். தாத்தா எப்படி இறந்தார் என்பது பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்காது.

கேள்வியைக் குறிப்பாகக் கேட்டால்தான் குறிப்பான பதில் வரும். மயங்கி விழுந்தது ஓடிக்கொண்டிருக்கும்போதா, ஓடி முடித்து நின்ற பிறகா? நின்ற பிறகு வரும் மயக்கம் பெரும்பாலும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால் வருவது. ஓட்டத்தின் நடுவே விழுந்தால், இதயநோய் மருத்துவர் பார்க்கும்வரை அந்த மாணவர் ஆடக் கூடாது. நீந்தும்போது நினைவு தப்பியதா? அலாரம் போலத் திடீர்ச் சத்தம் கேட்டு மயங்கியதுண்டா? இரண்டும் நீண்ட கியூடியின் வகைகளைக் காட்டிக்கொடுக்கும். குடும்பத்தில் 50 வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்தார்களா? இதற்கு "இல்லை" என்று வந்தாலும் நிறுத்தாதீர்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர் மூழ்கியது, காரணமே புரியாத வாகன விபத்து ஆகியவற்றையும் கேளுங்கள். அவற்றுக்குள் இதயக் கோளாறு ஒளிந்திருக்கக்கூடும்.

பரிசோதனையை மருத்துவர் செய்வார். ட்ரெய்னர் கவனிக்க வேண்டியது, அது முழுதாக நடந்ததா என்பதை: உட்கார்ந்த நிலையில் ரத்த அழுத்தம், படுக்கவைத்தும் நிற்கவைத்தும் இதய ஒலி, தொடையில் நாடித்துடிப்பு, மார்ஃபன் நோயின் (உடலின் இணைப்புத் திசுவைப் பாதிக்கும் பரம்பரைக் கோளாறு) உடல் அடையாளங்கள். எழுந்து நின்றதும் இதய முணுமுணுப்பு (துடிப்புகளுக்கு இடையே கேட்கும் கூடுதல் இரைச்சல்) உரத்தால் தசைத் தடிப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

எல்லோருக்கும் ஈசிஜி எடுக்கலாமா என்பது பழைய வாதம். இத்தாலி 1982 முதல் போட்டி வீரர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. பல நாடுகள் ஆக்கவில்லை. பயிற்சி பெற்ற இதயத்தின் ஈசிஜி சாதாரண ஈசிஜி போல இருக்காது. பழக்கமில்லாதவர் படித்தால் நல்ல இதயத்துக்கும் நோய்ப்பெயர் வைத்துவிடுவார். எங்கள் கருத்தில், விளையாட்டு வீரர்களின் ஈசிஜியைப் படிக்கத் தெரிந்த மருத்துவரும், சந்தேகம் வந்தால் எக்கோ (இதயத்தின் ஸ்கேன்) எடுக்க வழியும் இருந்தால் மட்டும் அதில் இறங்கலாம். எத்தனை பரிசோதனை செய்தாலும் கம்மோஷியோ கார்டிஸை முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே அடுத்த படிகளை யாரும் தள்ளிப்போட முடியாது.

சீசன் நடுவிலும் ஒரு விதி வேண்டும்: காய்ச்சல் இருந்தால் பயிற்சி இல்லை. காய்ச்சலுக்குப் பிறகு நெஞ்சுவலி, படபடப்பு, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு ஏதாவது இருந்தால் மருத்துவர் சொல்லும்வரை மைதானம் இல்லை.

படி 2: வரைபடம், ஸ்டாப்வாட்ச், சாவி

அவசரத் திட்டத்தைப் பள்ளிக்கு ஒன்று என்று எழுதாதீர்கள். இடத்துக்கு ஒன்று எழுதுங்கள்: மைதானம், உள்ளரங்கம், நீச்சல் குளம், ஓட்டப்பாதை. ஒவ்வொன்றும் ஒரே பக்கத்தில் அடங்கி, அந்த இடத்திலேயே ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஆம்புலன்ஸை அழைப்பவர் வாசித்துச் சொல்ல வேண்டிய முகவரியும், எந்த வாயில் வழியே வண்டி வர வேண்டும் என்பதும் மேலே பெரிய எழுத்தில். பதற்றத்தில் சொந்த வீட்டு முகவரியே மறந்துபோகும்.

ஏஇடி எங்கே இருக்க வேண்டும் என்பதை நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள். விழுந்த நொடியிலிருந்து முதல் ஷாக் வரை 3 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அடையாளம் காண, சட்டையை வெட்ட, பேட் (ஷாக்கைக் கடத்த நெஞ்சில் ஒட்டும் பட்டை) ஒட்ட, கருவி துடிப்பை அலச என்று ஒரு நிமிடம் போய்விடும். மிச்சம் இருப்பது போக வர 2 நிமிடம். மைதானத்தின் மிகத் தொலைவான மூலையிலிருந்து ஒரு சராசரி மாணவரை ஓடவிட்டு ஸ்டாப்வாட்ச்சை அழுத்துங்கள். ஒரு வழிக்கு ஒரு நிமிடத்தைத் தாண்டினால் கருவியின் இடத்தை மாற்றுங்கள், அல்லது இரண்டாவது கருவி வாங்குங்கள். நிதி திரட்ட இதைவிடத் தெளிவான காரணம் கிடைக்காது.

இந்த ஓட்டத்தை மாலை 6 மணிக்கும் செய்து பாருங்கள். பகலில் 50 நொடி எடுத்த பாதை, அலுவலகம் பூட்டிய பிறகு முடிவே இல்லாத பாதையாகியிருக்கும். பயிற்சி நடப்பது பள்ளி விட்ட பிறகுதானே. பூட்டுப் போட்ட பெட்டி வேண்டாம். திறந்தால் அலறும் பெட்டி திருட்டுக்கும் காவல், உதவிக்கும் அழைப்பு.

பொறுப்புகளைப் பெயர் போட்டுப் பிரிக்காதீர்கள். அந்த ஆள் அன்று விடுப்பில் இருப்பார். பதவியை வைத்துப் பிரியுங்கள்: ட்ரெய்னர் அல்லது அருகில் இருக்கும் பெரியவர் நெஞ்சை அழுத்துவார், உதவிக் கோச் ஆம்புலன்ஸை அழைப்பார், பெஞ்சில் இருக்கும் மாற்று வீரர்களில் இருவர் ஏஇடிக்கு ஓடுவார்கள், ஒருவர் வாயிலைத் திறந்து, வண்டி வரும்வரை அங்கேயே நிற்பார். வாயிலுக்கு ஆள் விட மறந்துவிட்டு, ஆம்புலன்ஸ் பள்ளியைச் சுற்றிச் சுற்றி வருவது எளிதில் நடக்கும் தவறு.

வெளி அணியோடு ஆட்டம் என்றால், தொடங்கும் முன் நடுவர், இரு அணிக் கோச்சுகள், ட்ரெய்னர் எல்லோரும் 2 நிமிடம் கூடி, கருவி எங்கே, யார் அழைப்பது, எந்த வாயில் என்று பேசிவிட வேண்டும்.

படி 3: கருவியும் பையும்

ஏஇடியின் நிலைகாட்டி விளக்கைத் தினமும் ஒரு பார்வை பாருங்கள், பயிற்சி நாளில் கட்டாயமாக. மாதம் ஒருமுறை பேட், பேட்டரி இரண்டின் காலாவதித் தேதியையும் சரிபாருங்கள். பேட்டில் இருக்கும் ஜெல் காய்ந்தால் தோலில் ஒட்டாது. அதனால்தான் பயன்படுத்தாத பேட்டுக்கும் ஆயுள் உண்டு, வழக்கமாக இரண்டு வருடத்தை ஒட்டி. பல கருவிகள் 0 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரையே தாங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் ஜெல்லும் பேட்டரியும் சேர்ந்தே கெடும்.

கருவியோடு கட்டிவைக்க வேண்டிய சிறு பை: துணி வெட்டும் கத்தரி, ஈரம் துடைக்க இரண்டு துண்டு, நெஞ்சு முடியை மழிக்க ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ரேசர், கையுறை, மூச்சு கொடுக்கும் முகமூடி, உபரியாக ஒரு ஜோடி பேட். துண்டை மறக்காதீர்கள். வியர்த்த நெஞ்சில் பேட் ஒட்டாது. மைதானத்தில் விழுபவர் எல்லோரும் வியர்த்திருப்பார்கள்.

படி 4: விழுந்த பிறகு

மற்ற எல்லாப் படியும் இதற்காகத்தான்.

யாரும் மோதாமல் ஒரு வீரர் சரிந்து, கூப்பிட்டால் பதில் இல்லை என்றால், மறுப்பதற்கு ஆதாரம் கிடைக்கும்வரை அது கார்டியாக் அரெஸ்ட்தான். நெஞ்சில் அடிபட்டு விழுந்தாலும் அதேதான். தோளைத் தட்டி உரக்கக் கூப்பிடுங்கள். மூச்சு சீராக இருக்கிறதா என்று பாருங்கள். நாடி பிடிக்கப் பழகியவர் பிடிக்கலாம், 10 நொடிக்கு மேல் வேண்டாம். பழகாதவர் பிடித்தால் தன் விரலின் துடிப்பையே எண்ணிக்கொண்டிருப்பார்.

ஏமாற்றும் அறிகுறிகள் இரண்டு. ஒன்று, வலிப்பு போன்ற உதறல். மூளைக்கு ரத்தம் நின்றதும் கைகால் சில நொடி வெட்டும். சுற்றி நிற்பவர்கள் சாவிக்கொத்தைத் தேட ஆரம்பிப்பார்கள். இரண்டு, கரையில் போட்ட மீன் போல வாய் திறந்து திறந்து மூடும் திணறல். அது மூச்சே இல்லை. "மூச்சு விடுறான், தள்ளி நில்லுங்க, காற்று வரட்டும்" என்ற ஒரு வாக்கியத்தால் போகும் நிமிடங்கள் திரும்பி வராது. நிழலுக்குத் தூக்கிப் போவது, தண்ணீர் தெளிப்பது, காலை உயர்த்துவது எதுவும் வேண்டாம். விழுந்த இடத்திலேயே வேலையைத் தொடங்குங்கள்.

மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், நெஞ்சின் நடுவே, ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து மறு கையை அதன்மேல் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கை மடங்கக் கூடாது; தோள் கைகளுக்கு நேர் மேலே. ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமல், 6 செ.மீ.யைத் தாண்டாமல். சிறு பிள்ளைக்கு நெஞ்சின் கனத்தில் (முன்புறம் முதல் முதுகு வரை) மூன்றில் ஒரு பங்கு. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுதாக மேலே வர விடுங்கள். சாய்ந்தபடியே அழுத்தினால் இதயம் நிரம்பாது, அடுத்த அழுத்தத்தில் வெளியேற ரத்தம் இருக்காது. மூச்சு கொடுக்கப் பயின்றவர் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு கொடுக்கலாம். பயிலாதவர் அழுத்தத்தை மட்டும் தொடரட்டும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். "எனக்குச் சோர்வே இல்லை" என்பவரின் கையும் அதற்குள் ஆழம் குறைந்திருக்கும்.

ஏஇடி வந்ததும் முதல் வேலை அதை ஆன் செய்வது. பிறகு அது பேசும், அது சொல்வதைச் செய்தால் போதும். சட்டையை நடுவில் வெட்டுங்கள், நெஞ்சைத் துடையுங்கள். ஒரு பேட் வலது காறையெலும்புக்குக் கீழே, மற்றொன்று இடது அக்குளுக்குக் கீழே விலாவில். பேட் ஒட்டும்போதும் அழுத்தம் நிற்கக் கூடாது. கருவி "தொடாதீர்கள்" என்றால் மட்டும் கையை எடுங்கள். ஷாக் கொடுத்தவுடன், கண் திறக்கிறாரா என்று காத்திருக்காமல் உடனே மறுபடி அழுத்துங்கள். ஷாக்குக்குப் பிறகு இதயம் சீரானாலும் ரத்தத்தைத் தள்ளும் வலு வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். "ஷாக் தேவையில்லை" என்று கருவி சொன்னால் ஆள் பிழைத்துவிட்டார் என்று பொருளல்ல. அசைவோ மூச்சோ இல்லாவிட்டால் அழுத்தம் தொடரும்.

மாணவி விழுந்தால் கை தயங்குகிறது. தயக்கம் உயிரைத் தின்னும். உள்ளாடையை விலக்கியோ வெட்டியோ பேட் வெற்றுத் தோலில் படும்படி ஒட்டுங்கள். சுற்றி நிற்பவர்களை முதுகு காட்டி நிற்கச் சொன்னால் மறைப்புக்கு அது போதும். ஈரப் புல்லில் ஷாக் கொடுக்கலாம். தேங்கிய தண்ணீரில் கிடந்தால் மட்டும் இழுத்து வெளியே போடுங்கள். தோலுக்கடியில் பேஸ்மேக்கர் போன்ற மேடு தெரிந்தால் பேட்டைச் சற்றுத் தள்ளி ஒட்டுங்கள். 8 வயதுக்குக் கீழே அல்லது 25 கிலோவுக்குள் என்றால் குழந்தை பேட். அது இல்லையென்றால் பெரியவர் பேட்டையே ஒன்று நெஞ்சிலும் ஒன்று முதுகிலும் ஒட்டலாம்.

மூச்சு சீராக இருக்கிறது, நினைவு குழம்பியிருக்கிறது, உடல் கொதிக்கிறது என்றால் அது வெப்பத் தாக்கு. ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை இறக்கி உடனே குளிர்விக்க வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் வண்டியில் ஏற்றுவது.

எல்லாம் முடிந்த பிறகு கருவியில் பதிவான தரவு மருத்துவமனைக்குப் போக வேண்டும், புதுப் பேட் மாட்ட வேண்டும். பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளோடு அன்றே யாராவது உட்கார்ந்து பேச வேண்டும். ஏஇடிக்கு ஓடிய மாற்று வீரர்கள் இருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

படி 5: ஒத்திகை

வருடத்துக்கு ஒருமுறையாவது, ஒவ்வொரு இடத்திலும், சீசன் தொடங்கும் முன். அறிவித்துச் செய்வது ஒன்று, அறிவிக்காமல் ஒன்று. அறிவிக்காததில்தான் உண்மை தெரியும்: போனில் சிக்னல் இல்லை, கருவிப் பெட்டி முன்னால் நாற்காலி அடுக்கியிருக்கிறது, பேட்டின் ஒயர் கருவியில் சொருகப்படவில்லை. மூன்று நேரத்தை மட்டும் குறியுங்கள்: விழுந்ததிலிருந்து முதல் அழுத்தம், கருவி வந்து சேர்ந்தது, ஷாக் பொத்தான். ஒத்திகை என்பதை ஆம்புலன்ஸ் சேவைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் உண்மையான வண்டி வந்து நிற்கும்.

படி 6: நிதி திரட்டும் நாள்

கயிறு தாண்டி இதயநலத்துக்கு நிதி திரட்டும் வழக்கம், 1970களின் இறுதியில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஒரு உடற்கல்வி ஆசிரியை தொடங்கியது. அங்கிருந்து அமெரிக்க இதயச் சங்கத்தின் பள்ளித் திட்டமாகி, வேறு நாடுகளின் இதய அறக்கட்டளைகளுக்கும் பரவியது. இதற்கு நாள் தேட வேண்டியதில்லை. செப்டம்பர் 29 உலக இதய தினம். அக்டோபர் 16ஐ ஐரோப்பிய நாடுகள் பலவும் சிபிஆர் கற்பிக்கும் நாளாக நடத்துகின்றன. ஹாம்லினும் குணமானதும் அமெரிக்க இதயச் சங்கத்தோடு சேர்ந்து சிபிஆர் கற்கும் சவால் ஒன்றைத் தொடங்கினார். நிதி, பயிற்சி இரண்டையும் ஒன்றாகவே வைத்தார்.

கயிறாட்டத்தில் ட்ரெய்னருக்கு ஒரு வசதி இருக்கிறது. சாதாரண வேகத்தில் கயிறு தாண்டினால் நிமிடத்துக்கு 100 முதல் 120 சுற்று வரும். நெஞ்சை அழுத்தும் வேகமும் அதுதான். ஒரு குழு தாண்ட, பக்கத்தில் இன்னொரு குழு சிபிஆர் பயிற்சிப் பொம்மையின் நெஞ்சை அதே தாளத்தில் 2 நிமிடம் அழுத்தட்டும், பிறகு இடம் மாறட்டும். பொம்மை போதாவிட்டால் இறுக்கமான மெத்தைத் துண்டு போதும். ஆழம் பழகாது, தாளமும் கைநிலையும் பழகும்.

தாண்டலை 30 நொடித் துண்டுகளாகப் பிரித்து, நடுவில் ஓய்வு கொடுங்கள். காலை வேளை நல்லது. இதயக் கோளாறு உள்ள மாணவரை ஓரத்தில் உட்கார வைத்துவிடாதீர்கள். எண்ணிக்கை எடுக்க, கயிறு சுழற்ற, கருவியை இயக்கிக்காட்ட அவர் வேண்டும். மருத்துவர் அனுமதித்த அளவு அவர் தாண்டலாம். அவருடைய நோயைச் சுவரொட்டியில் போட்டுப் பணம் கேட்க வேண்டாம். குடும்பமே முன்வந்து எழுத்தில் சம்மதித்தால் ஒழிய. பள்ளியின் ஏஇடி அன்று மைதான ஓரத்தில் கண்ணில் படும்படி இருக்கட்டும். இதயத்துக்காக நடக்கும் நிகழ்ச்சியில் கருவி அலமாரியில் இருந்தால் நன்றாயிருக்காது.

படி 7: பணம்

யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று முதல் நாளே எழுதி ஒட்டுங்கள். பள்ளிக்கு ஒரு பங்கு, அறக்கட்டளைக்கு ஒரு பங்கு என்றால் விகிதத்தையும் எழுதுங்கள். பிறகு சொன்னால் சந்தேகம் வரும். அறக்கட்டளை பதிவு பெற்றதா, தணிக்கை செய்த கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுகிறதா என்று பாருங்கள். உண்டியலை எப்போதும் இரண்டு பேர் சேர்ந்து எண்ணி இருவரும் கையெழுத்திடுங்கள். தனிநபர் கணக்கில் ஒரு நாள்கூடப் பணம் கிடக்கக் கூடாது. எந்த மாணவர் எவ்வளவு கொண்டுவந்தார் என்ற பட்டியலை வெளியே ஒட்டாதீர்கள். கொண்டுவர முடியாத பிள்ளைக்கு அது தண்டனை.

ஏஇடி வாங்கக் கணக்குப் போடுகிறவர்கள் கருவியின் விலையோடு நின்றுவிடுகிறார்கள். பேட், பேட்டரி, வெளிப்பெட்டி, பயிற்சி பொம்மை, ஆண்டுப் பயிற்சி இவற்றையும் சேர்த்து, குறைந்தது ஐந்து வருடச் செலவாகப் போடுங்கள். வாங்கிய தேதி, வரிசை எண், பேட்டும் பேட்டரியும் காலாவதியாகும் மாதம் இவற்றைக் கணக்கேட்டின் முதல் பக்கத்தில் எழுதி, அந்த மாதத்துக்கு இரண்டு மாதம் முன்னால் உள்ள தேதியைப் பள்ளி நாட்காட்டியிலும் குறித்துவையுங்கள். புதுப் பேட் வந்து சேர அவ்வளவு நாள் பிடிக்கலாம்.